இந்த மாத விருந்தினர்

கொத்சு அடுப்பைவிட்டு இறங்கிவிட்டது. வாசனை கல்லாவைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது, டீச்சர்தான் இன்னும் வரவில்லை. மணி நாலு ஆகட்டும், தூறல் வேறு போடுகிறது, குடையைத் தேடி எடுத்துக்கொண்டு வரவேண்டாமா, வயசானவர், மணிக்கூண்டுப் பக்கம் ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள், சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வியாழக்கிழமையும் இதையேதான் சொல்லிக்கொண்டேன், அன்றைக்குத் தூறலும் இல்லை. ஜன்னலோர மேஜையைச் சப்ளையர் கலியமூர்த்தி துடைத்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறான். நான் சொல்லவில்லை, அவனாகத்தான் வைத்தான். யாராவது அங்கே உட்காரப் போனால் "உள்ள காத்தாடிக்குக் கீழ உக்காருங்க சார்" என்று திருப்பிவிடுகிறான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற சௌந்தரவல்லி டீச்சர் வருஷக்கணக்காக வியாழக்கிழமை நாலு மணிக்கு அந்த மேஜைக்கு வந்திருக்கிறார். இரண்டு இட்லி, கத்திரிக்காய் கொத்சு, அப்புறம் சர்க்கரை கம்மியாக ஒரு காபி. போன மாதச் செய்திமடலில் அவரைப் பற்றி எழுதினேன், போட்டோவோடு. அது போனதிலிருந்து வரவில்லை. வாடிக்கையாளர் போகாமல் இருக்கத்தான் செய்திமடல். அதை நினைத்தால் சிரிப்புகூட வரமாட்டேன் என்கிறது.

கல்லா மேஜையில் இந்த மாதத்துக்கான தாள் கிடக்கிறது. அச்சகத்து பாரூக் பாய் ஐந்து மணிக்குள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சமையல் குறிப்பு எழுதியாயிற்று, கார்த்திகைப் பொரி உருண்டை முன்பதிவு எழுதியாயிற்று, 'இந்த மாத விருந்தினர்' என்று தலைப்புப் போட்டுக் கீழே வெள்ளையாக விட்டிருக்கிறேன். பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத ஆளா இல்லை? பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடைக்காரர் இருக்கிறார், 'என்னை எப்ப சார் போடுவீங்க' என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். கை ஓடவில்லை. எதிரில் புது ஓட்டல் கண்ணாடிக் கதவு போட்டுத் திறந்தபோதுதான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. அங்கே வாசலில் டெலிவரிப் பையன்களின் வண்டி வரிசையாக நிற்கும், இங்கே ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். கும்பகோணத்தில் ஓட்டல்காரர்களுக்கு ஒருநாள் வகுப்பு என்றார்கள், போனேன். காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு ஒருத்தர் மேடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே பேசினார். "புது ஆளைப் புடிக்கறது பெருசில்ல சார், வர்ற ஆளை விடாம வெச்சுக்கறதுதான் தொழில். மாசம் ஒரு தாள் அடிங்க. வெலையைப் போடாதீங்க, கதையைப் போடுங்க. வாடிக்கையாளர் பேரைப் போடுங்க, முகத்தைப் போடுங்க. தன் பேரை அச்சுல பார்த்தவன் ஒங்களை விட்டுப் போகவே மாட்டான்." நான்கூட நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். போகவே மாட்டான். அவர் சொன்னது பொய்யும் இல்லை. முதல் மாதம் ஸ்டுடியோ வைத்திருக்கிற நவநீதத்தைப் பற்றி எழுதினேன், அவர் அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பத்தோடு வருகிறார். அப்புறம் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட், அவர் கூட்டமெல்லாம் இப்போது நம் மாடியில்தான். 'பந்தி' என்று பேர் வைத்து, மஞ்சள் தாளில் இரண்டு மடிப்பு. பில்லோடு ஒன்று, பார்சல் பையில் ஒன்று, நம்பர் கொடுத்தவர்களுக்கு வாட்ஸப்பிலும் போகும். சாப்பிட வருகிறவர்கள் காபி ஆறுகிறவரை அதைப் படிப்பார்கள். கல்லாவிலிருந்து நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "நல்லா எழுதறீங்க வைத்தியலிங்கம்" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு வியாபாரம் ஆகாவிட்டாலும் தூக்கம் வரும். சின்ன வயசில் எழுத வேண்டும் என்று இருந்த ஆசை மாவு அரைத்ததில் எங்கேயோ போயிருந்தது, அது இந்த வழியாகத் திரும்பி வந்து என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உறவு வளர்ப்பதாவது ஒன்றாவது, எனக்கு என் வாக்கியத்தின் மேல்தான் ஆசை.

டீச்சரைப் பற்றி எழுதிய அந்தக் குறிப்பு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. நாலு மணி ஆனால் ஜன்னலோர மேஜைக்கு சௌந்தரவல்லி டீச்சர் வந்துவிடுவார். வியாழக்கிழமை என்றால் அவருக்கு எங்கள் கத்திரிக்காய் கொத்சு. இதெல்லாம் வீட்டில் கிடைக்குமா தம்பி என்பார். கிண்ணம் காலியானதும் இன்னும் ஒரு கரண்டி என்று கண்ணாலேயே கேட்பார். இவ்வளவுதான். கண்ணாலேயே கேட்பார் என்று எழுதியபோது தொடையில் தட்டிக்கொண்டேன். இதில் எது அவரைச் சுட்டது? போட்டோவா? தலை கொஞ்சம் கலைந்திருந்தது, வாரிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். வீட்டில் கிடைக்குமா என்று போட்டதுதான் தப்பு என்று இரண்டு நாள் நினைத்தேன். மருமகள் கோபித்துக்கொண்டிருப்பாள். மாமியார் ஓட்டலில் உட்கார்ந்துகொண்டு வீட்டுச் சமையலைக் குறை சொல்கிறார் என்று ஊருக்கே அச்சடித்துக் கொடுத்தால் எந்த மருமகள் பொறுப்பாள்? அதற்குப் பரிகாரமாக, டீச்சர் வீட்டுச் சமையலும் அருமையாக இருக்கும் என்று கேள்வி என ஒரு வரி இந்த மாதம் போடலாம் என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் முதல் வரியைவிடக் கேவலமாக இருந்தது, அடித்துவிட்டேன். கண்ணால் கேட்பார் என்பதுதானா? நாக்குச் செத்தவர் மாதிரி காட்டிவிட்டேனா? அதுவும் இல்லாவிட்டால் வேறு எது, எது என்று அதே நாலு வரியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், எங்கே தொடங்கினாலும் அவரைப் படம் பிடித்த அந்தச் சாயங்காலத்தில்தான் மனசு போய் மாட்டிக்கொள்கிறது. "டீச்சர், இந்த மாசம் நீங்கதான்" என்றேன். அவர் கிண்ணத்திலிருந்து நிமிராமல், "நான் எதுக்கு தம்பி, வேற யாரையாவது போடுங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டேன். அவர் நிஜமாகவே வேண்டாம் என்கிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நம் பக்கத்தில் வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேள் என்று அர்த்தம். காபி சாப்பிடுங்கள் என்றால் ஐயோ வேண்டாம், இப்பத்தான் ஆச்சு என்பார்கள், கொண்டுவந்து வைத்தால் குடிப்பார்கள். போதும் போதும் என்று இலைமேல் கையை விரிப்பார்கள், விரல் இடுக்கில் ஊற்றினால் பிசைந்து சாப்பிடுவார்கள். முதல் மறுப்பைக் காதில் வாங்கிக்கொண்டு வாளியோடு திரும்பிப் போகிற சப்ளையரை எந்த ஓட்டலில் வைத்துக்கொள்வார்கள்? நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அப்படிப் பழகிப் பழகி, நிஜமாகவே வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால் அது எந்தக் குரலில் இருக்கும் என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பார்த்தவற்றுக்குக் குறைச்சல் இல்லை. அவர் ஒருநாளும் பார்சல் கட்டச் சொன்னதில்லை. சாப்பிட்டு எழுந்ததும் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுவார், முகர்ந்து பார்ப்பார், கல்லாவில் சோம்பு வாங்கி வாய்நிறையப் போட்டுக்கொள்வார். ஒருநாள் அவருக்குத் தெரிந்த யாரோ ஒரு அம்மாள் உள்ளே வந்தபோது கொத்சுக் கிண்ணத்தை எதிர்ப்பக்கம், ஆள் இல்லாத நாற்காலிப் பக்கம் நகர்த்திவிட்டு வெறும் இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் போகிறவரை கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதையும் சேர்க்கலாமா என்று யோசித்தேன், தாளில் இடம் இல்லை என்றுதான் விட்டேன். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றைப் பற்றியும் யோசிக்கவில்லை. ஒருவேளை இது எதுவுமே இல்லையோ, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ. இந்த நாட்களில் நான் சுவரில் ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எல்லாம் படிக்கிறேன். சைக்கிளை நிறுத்திப் பேர் பார்த்து, வேறு யாரோ என்று தெரிந்து, நிம்மதியாக மூச்சு விட்டு, அந்த வேறு யாரோவுக்காக வெட்கப்பட்டு மிதிக்கிறேன். அவர் வீட்டுத் தெருவழியாகவே ஒருநாள் போனேன். மாடியில் பட்டுப்புடவை காய்ந்துகொண்டிருந்தது, கீழே டிவி சத்தம் கேட்டது. கதவைத் தட்டி என்ன சொல்வது, டீச்சர் ஏன் சாப்பிட வரவில்லை என்றா? கடன் கேட்க வந்தவன் மாதிரி தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். "இன்னிக்கும் டீச்சர் வரலியே மொதலாளி" என்கிறான் கலியமூர்த்தி, கொத்சு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு. வருவாங்க போ என்று எரிந்து விழுகிறேன். அவன் என்ன பண்ணினான் பாவம்.

குடையை உதறிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வருகிறாள். நாற்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், தோளில் பெரிய பை, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை அழைக்கப் போகிறவள் மாதிரி அவசரம். மேஜைப் பக்கம் போகாமல் நேரே கல்லாவுக்கு வருகிறாள். "நீங்கதான் அந்த மஞ்சத் தாள் எழுதறவங்களா?" என்கிறாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு இவ்வளவு தயக்கம் வந்ததே இல்லை. "நான் சௌந்தரவல்லி டீச்சரோட மருமக. மஞ்சரி. எங்க வீட்டு நம்பரை ஒங்க வாட்ஸப்புலேர்ந்து எடுத்துடுங்க சார்." டீச்சர் சௌக்கியமா என்று கேட்கிறேன். சௌக்கியம்தான் என்கிறாள். அப்பாடா. அந்த ஒரு நொடி நிம்மதிதான் எனக்குக் கிடைத்தது. போனை எடுத்து டீச்சர் பேரைத் தேடுகிறேன். பேருக்குப் பக்கத்தில் ஒரு ஆண் முகம், மடியில் குழந்தை. இதையும் பார்த்திருக்கிறேன், இதையும் யோசிக்கவில்லை. "அது எங்க வீட்டுக்காரர் நம்பர் சார். அத்தைக்கு அது ஒண்ணுதான் மனப்பாடம். யார் நம்பர் கேட்டாலும் அதைத்தான் சொல்வாங்க." பிறந்தநாளுக்கு ஜிலேபி இலவசம், நம்பர் எழுதுங்கள் என்று சொல்லி நான்தான் அட்டையை டீச்சர் முன்னால் நீட்டினேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார், இன்னும் கண்ணில் இருக்கிறது. பொய் நம்பர் எழுத அவருக்கு வராது.

நான் எழுதினது உங்களுக்கு வருத்தமா இருந்திருக்கும், வீட்டுச் சமையலைக் குறைசொல்கிற மாதிரி ஆகிவிட்டது என்று ஆரம்பிக்கிறேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாள். "அதெல்லாம் இல்ல சார். மாமா காரியத்துக்குக் காசி போனப்ப அத்தை கத்திரிக்காயை விட்டுட்டு வந்தாங்க. அங்க போனா ஒரு காய், ஒரு பழம் விடணும்ல, எல்லாரும் புடிக்காத காயாப் பாத்து விடுவாங்க. இவங்க ரொம்பப் புடிச்சதை விட்டாங்க. மாமாவுக்கும் அதுதான் புடிக்கும், அவரே போயிட்டாரு, இனி எனக்கு எதுக்குன்னு. எங்க சொந்தத்துல எல்லாரும் இதைப் பெருமையாச் சொல்லுவாங்க. அன்னிலேர்ந்து எங்க வீட்டுல கத்திரிக்காயே வாங்கறதில்ல. அவங்க எதிர்ல நாம எப்புடி சாப்புடறதுன்னு." அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அன்னிக்கு நாத்தனாரெல்லாம் வந்திருந்தாங்க. இவரு போனைப் பாத்துட்டு, அம்மா போட்டோ வந்திருக்கு, எல்லாரும் கேளுங்கன்னு சத்தமாப் படிச்சாரு. கத்திரிக்காய்னு வந்ததும் குரல் இறங்கிடுச்சு. அப்பயும் நிறுத்தத் தெரியாம கடைசி வரிவரைக்கும் படிச்சுட்டாரு." கடைசி வரி. கண்ணாலேயே கேட்பார். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம், சிரிக்கவும் இல்லையாம். நாத்தனார் மட்டும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாளாம். டீச்சர் எழுந்துபோய் சாமி ரூமில் உட்கார்ந்துகொண்டாராம். "திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல சார். யாரும் ஒரு வார்த்தை பேசல. அதான் அவங்களால தாங்க முடியல. வியாழக்கிழமை வெளியில போறதையே விட்டுட்டாங்க. நாலு மணி ஆனா ஹால்ல வந்து உக்காந்துக்கறாங்க, நான் எங்கயும் போகல பாருன்னு சொல்ற மாதிரி." வீட்டுலயே செஞ்சு கொடுத்தா என்று நான் இழுக்கிறேன். "கேட்டேன் சார். அதை எங்கிட்டப் பேசாதன்னுட்டாங்க."

நான் அந்த நம்பரை அவள் பார்க்கப் பார்க்க அழிக்கிறேன். நீக்கவா என்று போன் கேட்கிறது, ஆம் என்கிறேன், அவ்வளவு சுலபமாகப் போய்விடுகிறது. அச்சடித்த தாளை எப்படி அழிப்பது? பார்சல் பைகளில் போய் எத்தனை வீட்டில் அலமாரித் தட்டுக்கு விரித்திருக்கிறார்களோ, எத்தனை டப்பாவுக்கு அடியில் டீச்சர் கிண்ணத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரோ. வீட்டுக்காரர் போன பிறகு ஒரு மனுஷி தனக்கென்று வைத்துக்கொண்டது வாரத்தில் ஒரு அரைமணி நேரம், ஒரு மேஜை, ஒரு கிண்ணம். அதை நான் கதை என்று எடுத்துக்கொண்டேன். வருத்தமாக இருக்கிறது என்று இவளிடம் சொல்லலாம், சொன்னேன், அவளும் தலையாட்டினாள். அதில் டீச்சருக்கு என்ன வந்தது? மஞ்சரி குடையை எடுத்துக்கொண்டு திரும்புகிறாள், போகவில்லை. கலியமூர்த்தி வாளியோடு அவளைக் கடந்து போகிறான். "அது கொத்சுங்களா?" என்கிறாள். அவன் என்னைப் பார்க்கிறான். ஆமாம்மா என்கிறேன். "நம்ம ஊரு மாதிரி மல்லி வறுத்துப் போட்டதா?" எந்த ஊரு என்கிறேன். "சிதம்பரம் சார்" என்கிறாள், கொத்சுக்குப் பேர்போன ஊர், அவ்வளவுதான். ஜன்னலோர மேஜையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேஜையில் போய் உட்கார்கிறாள். பையை மடியிலேயே வைத்திருக்கிறாள். கலியமூர்த்தி வைத்த இட்லியைக் கொத்சில் தோய்த்து முதல் வாய் வைத்ததும் கொஞ்ச நேரம் மெல்லாமல் இருக்கிறாள். நான் பார்க்கக்கூடாது என்று தாளைக் குனிந்து பார்க்கிறேன், தாளில் அந்த வெள்ளை இடம் இருக்கிறது, மறுபடியும் பார்க்கிறேன். கல்யாணமாகி வந்தவள் மாமியாருக்காக விட்டிருக்கிறாள். மாமியார் சொந்தத்தின் பெருமைக்காக விட்டதாகக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இதே வாசனையை நினைத்துக்கொண்டு சுரைக்காய் கூட்டு சாப்பிட்டிருக்கிறார்கள். கலியமூர்த்தி கரண்டியோடு குனிகிறான், அவள் போதும் போதும் என்று தட்டின்மேல் கையை விரிக்கிறாள், அவன் விரல் இடுக்கில் ஊற்றுகிறான், அவள் சாப்பிடுகிறாள்.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டுச் சோம்பைக் கைநிறைய எடுத்துக்கொண்டவள், "வியாழக்கிழமைதோறும் உண்டுங்களா?" என்றாள். உண்டும்மா என்றேன். படியிறங்கப் போனவள் திரும்பி வந்து, "சார், இதை எழுதிடாதீங்க" என்றாள். இது எந்த வேண்டாம் என்று எனக்குக் கேட்டது, இந்தத் தடவை நன்றாகவே கேட்டது. இல்லம்மா, எழுத மாட்டேன் என்றேன். அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். உங்கள் மருமகளும் இங்கே வந்து போதும் போதும் என்று கையை விரித்துக்கொண்டே கொத்சு சாப்பிட்டாள் என்று ஒரே ஒரு வரி டீச்சர் காதில் போட்டால் போதும், இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடலாம், நான் கெடுத்தது நேராகிவிடும். நேராகிவிடுமா? அல்லது இவளும் நாலு மணிக்கு ஹாலில் போய் உட்கார்ந்துகொள்வாளா? டீச்சரைத் திரும்ப வரவைக்கிற ஒரே வரி என் கையில் இருக்கிறது, நான் இதுவரை எழுதியதில் அதுதான் நல்ல வரியாகவும் இருக்கும், அதை நான் எழுதக்கூடாது, சொல்லவும் கூடாது. போன் அடிக்கிறது. "விருந்தினர் யாரு சார், மேட்டர் வரலியே" என்கிறார் பாரூக் பாய். இந்த மாசம் யாரும் இல்ல பாய், அந்த இடத்துல இட்லி மாவு புளிக்காம இருக்க ஒரு குறிப்பு தர்றேன், அதைப் போடுங்க என்கிறேன். தூறல் நின்றுவிட்டது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், நனைந்த தலையோடு ஒரு குடும்பம் உள்ளே வந்து ஜன்னலோர மேஜையைப் பார்த்துப் போகிறது. கலியமூர்த்தி அவர்களைத் திருப்பிவிட ஓடிவருகிறான், என் முகத்தைப் பார்க்கிறான். உட்காரட்டும் விடு என்கிறேன். அவன் கவிழ்த்து வைத்த டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றுகிறான்.